உடையாத மான்கொம்பு

ஊசிப்பாறைக் காட்டின் நடுவில் ஒரு குளம் இருந்தது. கோடை வந்துவிட்டால் அந்தக் காட்டுக்கே அது ஒன்றுதான் தண்ணீர். அதனால் அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. தண்ணீர் குடித்தவர் யாராக இருந்தாலும் கரையில் கொஞ்சம் ஈரமண்ணை வைத்து மிதித்துவிட்டுத்தான் போக வேண்டும். யானைக்கும் அதே கட்டுப்பாடு, அணிலுக்கும் அதே கட்டுப்பாடு.

அந்தக் கரைமேல் நின்ற மருதமரத்தில் மருதாயி என்ற மந்தி குடியிருந்தாள். பால் குடிக்கும் குட்டி ஒன்று எந்நேரமும் அவள் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். வாய்தான் கொஞ்சம் அதிகம், மற்றபடி நல்லவள்.

ஒரு கோடையில் துடியன் என்ற நாய் அந்தக் குளத்துக்கு வந்து சேர்ந்தான். ஆட்டுக்கிடைக்குக் காவல் இருந்தவன் அவன். ஒரு முயலைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் புகுந்து, முயலையும் விட்டு, திரும்பிப் போய்ப் பார்த்தால் கிடையைக் காணோம். ஆட்டுக்காரர்கள் பட்டியைப் பிரித்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார்கள். பாவம், அவன் போக்கிடம் இல்லாமல் கரையில் வந்து படுத்தான்.

துடியன் வந்ததில் எல்லோருக்கும் ஒரு நன்மை இருந்தது. நாணல் புதரில் முட்டையிடும் நீர்க்கோழிகளுக்கு நரியின் தொல்லை தாங்காது. துடியன் குரைக்கத் தொடங்கிய பிறகு நரி அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. நீர்க்கோழிகள் அவனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடின.

ஆனால் துடியனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நாள் முழுக்க ஆடுகளைச் சுற்றிச் சுற்றி ஓடிய கால்கள் அவை. இங்கே சுற்றி ஓட ஆடு எங்கே இருக்கிறது? கால் துறுதுறுக்கும். உடனே எதையாவது தோண்டுவான். தோண்டுவதற்குக் கரையைவிட நல்ல இடம் ஏது? எல்லோரும் வைத்துவிட்டுப் போன புது மண். மெத்தென்று, குளுகுளுவென்று இருக்கும். விடியும்போது கரை ஒழுங்காக இருக்கும், வெயில் ஏறும்போது பள்ளமாக இருக்கும்.

"மண் வைக்கிறது நாங்க, பறிக்கிறது இவனா?" என்று காட்டுப்பன்றி கத்தியது.

குளத்துக்குப் பெரியவர் ஒரு காட்டெருமை. அவர் எல்லோரையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். "கரை உடைஞ்சா தண்ணி போச்சு. தண்ணி போச்சுன்னா மழை வர்ற வரைக்கும் நம்ம கதி அதோகதிதான். இந்த நாயை அனுப்பிட வேண்டியதுதான்" என்றார்.

துடியன் வாலைக் காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு நின்றான். அந்த முகத்தைப் பார்க்க மருதாயிக்குப் பொறுக்கவில்லை. கிளையிலிருந்து குதித்து வந்து நடுவில் நின்றாள்.

"பெரியவரே, அவன் கெட்டவன் இல்லை. ஓட இடமில்லாமத் தோண்டுறான். அவனை நான் பார்த்துக்கிறேன். இனிமே கரையில ஒரு பள்ளம் விழுந்தா, அவனோட நானும் என் குட்டியும் இந்த மரத்தை விட்டுப் போயிடுறோம்."

"யோசிச்சுத்தான் பேசுறியா?" என்று கேட்டார் பெரியவர்.

"யோசிச்சுட்டேன்" என்றாள் மருதாயி. உண்மையில் யோசிக்கவில்லை. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கோடையில் கைக்குட்டியோடு வேறு தண்ணீர் தேடி எங்கே போவது?

மரத்துக்குத் திரும்பியதும் அந்தக் கோபத்தை எல்லாம் துடியன்மேல் காட்டினாள். "உன்னால எனக்கு வந்த வினையைப் பாரு" என்று ஒரு காய்ந்த சுள்ளியை ஒடித்து அவன்மேல் எறிந்தாள். சுள்ளி அவன் தலையைத் தாண்டிப் போய் விழுந்தது. துடியன் பாய்ந்து ஓடினான். சுள்ளியைக் கவ்விக்கொண்டு வந்து அவள் மரத்தடியில் போட்டுவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா, இன்னொரு தடவை" என்றான்.

மருதாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி எறிந்தாள். அவன் மறுபடி எடுத்து வந்தான். வெயில் சாயும் வரை இதே வேலை. கடைசியில் துடியன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மரத்தடியில் சுருண்டு தூங்கினான். கரையில் ஒரு நகக்கீறல்கூட விழவில்லை. அட, இவ்வளவுதானா சங்கதி என்று மருதாயி நிம்மதிப் பெருமூச்சு விட்டாள்.

ஆனால் சுள்ளி எத்தனை நாள் தாங்கும்? அடுத்த நாளே அது துடியன் வாயில் இரண்டாக முறிந்தது. முறிந்த சிலாம்பு மேலண்ணத்தில் குத்திக்கொண்டு நின்றது. துடியன் வாயைத் திறந்தபடி ஊளையிட, மருதாயி விரலை உள்ளே விட்டு அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"இனிமே சுள்ளி வேண்டாம். வேற பார்ப்போம்" என்றாள்.

யோசனை சொல்ல ஆள் பஞ்சமா? மயில் ஓடி வந்தது. "பார்க்க லட்சணமா இருக்கணும் மருதாயி. நம்ம குளத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்று சொல்லி, பழைய தூக்கணாங்குருவிக் கூடு ஒன்றைக் காட்டியது. கூடு உண்மையிலேயே அழகு. புல் புல்லாகப் பின்னி, உருண்டையாக, கைக்கு அடக்கமாக இருந்தது. மருதாயி அதை எறிந்தாள். துடியன் பிடித்தான். தலையை ஒரு உதறு உதறினான். கூடு தூள் தூளாகிவிட்டது. அதில் பாதியை விழுங்கிவிட்டு அன்று முழுக்க இருமிக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு விளாங்காய். அது முதல் பிடியிலேயே படாரென்று உடைந்தது. உள்ளே இருந்ததைத் துடியன் தின்றுவிட்டு, "அக்கா, இது நல்லா இருக்கு, இன்னொன்னு எறி" என்றான். விளாமரத்தில் இருந்த காய் எல்லாம் தீர்ந்து போனதுதான் மிச்சம்.

மருதாயிக்கு அலுத்துவிட்டது. குட்டிக்குப் பால் கொடுக்க வேண்டும், தனக்கு இரை தேட வேண்டும், இதற்கு நடுவில் தினம் தினம் இவனுக்கு ஒரு சாமான் தேடி அலைய வேண்டும். என்றுமே உடையாத ஒரு சாமான் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வாய்விட்டே புலம்பினாள்.

அந்தப் புலம்பல் நரியின் காதில் விழுந்தது.

நீர்க்கோழி முட்டை தின்று எத்தனையோ நாளாகிவிட்ட நரி அது. துடியன்மேல் அதற்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் முகத்தில் தேனைத் தடவிக்கொண்டு மரத்தடிக்கு வந்தது. வாயில் ஒரு கடமான் கொம்பு.

"என்னம்மா தங்கச்சி, ரொம்பத்தான் கஷ்டப்படுற போலிருக்கே" என்றது நரி.

"நீ எதுக்கு இங்க வந்தே? துடியன் எழுந்தான்னா உன் வாலு உனக்கு இல்லை."

"பழசை எல்லாம் விடும்மா. உனக்கு உதவி பண்ணலாம்னுதான் வந்தேன். இந்தக் கொம்பைப் பாரு. மான் உதிர்த்துட்டுப் போனது. எத்தனை மழை, எத்தனை வெயில் பார்த்திருக்கும்! ஒரு கீறல் உண்டா? பாறையில அடி, பாறைதான் தெறிக்கும். இதை வாங்கிக்கிட்டா உன் பேரன் காலம் வரைக்கும் வேற தேட வேண்டாம்."

மருதாயி கொம்பை வாங்கிப் பார்த்தாள். பாறையில் அடித்தாள். பாறையில் ஒரு சில்லு தெறித்தது, கொம்பு அப்படியே இருந்தது. தேடியது கிடைத்துவிட்டது என்று அவள் மனம் குளிர்ந்து போனது. நரி ஏன் இவ்வளவு நல்ல பிள்ளையாகிவிட்டது என்று கேட்கத் தோன்றவே இல்லை. அலுத்துப் போனவர்கள் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டிவிடலாம், அது நரிக்குத் தெரியும்.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கொம்பு உடையவில்லை. கரையும் உடையவில்லை. வருவோர் போவோரிடம் எல்லாம் மருதாயி அந்தக் கொம்பைப் பற்றியே பெருமை பேசினாள். இரை தின்னும்போது துடியன் ஒரு பக்கமாகவே மெல்லுவதை அவள் பார்த்தாள். பார்த்தாளே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் உச்சிக் கிளையிலிருந்து வீசி எறிந்தாள். துடியன் எகிறிக் குதித்து, கொம்பை ஆகாயத்திலேயே கவ்வினான். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

உடைந்தது கொம்பில்லை. துடியனின் கடைவாய்ப் பல்.

துடியன் அலறிய அலறலில் குளத்துக் கொக்கெல்லாம் பறந்துவிட்டது. வலி தாங்கவில்லை. வாயைக் குளிர்ச்சியான எதிலாவது புதைக்க வேண்டும். நேரே கரைக்கு ஓடி, ஈரமண்ணில் தாடையை வைத்து அழுத்தினான். மத்தியான வெயிலில் மேல்மண் சுட்டது. இன்னும் குளிர்ச்சி வேண்டுமென்று தோண்டினான். வலியில் தோண்டுகிறவனுக்கு ஆழம் தெரியுமா? கரையில் பொத்தல் விழுந்து தண்ணீர் வெளியே பீறிட்டது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். யானை பாறையை உருட்டிப் போட்டது, பன்றி மண்ணைத் தள்ளியது. ஒருவழியாக அடைத்து முடிப்பதற்குள் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. இந்தக் கூச்சலில் யாரும் கவனிக்காத நேரம் பார்த்து நரி நாணல் புதருக்குள் புகுந்து, ஒரு கூட்டு முட்டைகளைக் குடித்துவிட்டுப் போனது.

பெரியவர் மருதாயியைப் பார்த்தார். "சொன்ன சொல் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு பெரியவரே."

"வாயெல்லாம் வீங்கி நிக்கிறவனை இப்பவே விரட்ட எனக்கு மனசு வரலை. வாய் ஆறட்டும். ஆறின அன்னைக்குக் கூட்டம் போட்டு முடிவு பண்ணுவோம்" என்றார் அவர்.

மருதாயி மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். துடியன் மெதுவாக ஊர்ந்து வந்து அவள் காலடியில் தலையை வைத்தான்.

"நான் தனியாப் போயிடுறேன் அக்கா. நீ குட்டியோட இங்கேயே இரு."

"வாயை மூடு" என்றாள் மருதாயி. பிறகு, "இல்லை, வாயைத் திற" என்றாள்.

இத்தனை நாளும் கொம்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தவள், சிலாம்பு எடுத்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அவன் வாய்க்குள் பார்த்தாள். ஒரு பல்லா உடைந்திருந்தது? மற்ற பற்களும் முனை மழுங்கிப் போயிருந்தன. ஈறு சிவந்து கிடந்தது. கொம்பு கொஞ்சம் கொஞ்சமாக அவனை அரைத்திருக்கிறது. ஒரு பக்கமாக மென்றது எதனால் என்று இப்போது புரிந்தது.

"வலிச்சா சொல்லக் கூடாதாடா?"

"சொன்னா நீ எறியறதை நிறுத்திடுவியே அக்கா" என்றான் துடியன்.

மருதாயிக்கு அவனை அடிப்பதா அணைப்பதா என்று தெரியவில்லை. அவன் வாயை இன்னும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். எந்தப் பல்லால் கவ்வுகிறான், எங்கே வைத்து அழுத்துகிறான், தொண்டை எவ்வளவு அகலம் என்று எல்லாவற்றையும் விரல்விட்டு அளந்து பார்த்துக்கொண்டாள்.

துடியனின் வாய் ஆறும் வரை அவள் காட்டைச் சுற்றினாள். இந்த முறை யாரிடமும் யோசனை கேட்கவில்லை. எதைப் பார்த்தாலும் முதலில் தானே கடித்துப் பார்த்தாள். மூங்கில் சிலாம்பு சிலாம்பாகக் கிழிந்தது. பனங்கொட்டை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நார் தேய்ந்தால் தொண்டைக்குள் போய்ச் சிக்கும் அளவு சிறியது. பனைமட்டை உதட்டை அறுத்தது. அதற்கு வைத வசவை இங்கே எழுத முடியாது.

கடைசியில் குளத்தின் மறுகரை ஆலமரத்துக்கு வந்தாள். களைப்பில் ஒரு விழுதைப் பிடித்துத் தொங்கினாள். தொங்கும்போதே அது அவள் கண்ணில் பட்டது. விழுது நெடுகிலும் பல் தடங்கள். பல் முளைக்கும் குரங்குக் குட்டிகள் ஈறு அரிக்கும்போதெல்லாம் அந்த விழுதைத்தான் கடிக்கும். எத்தனை குட்டிகள் கடித்ததோ, எத்தனை பேர் தொங்கினார்களோ, விழுது அறவில்லை. எந்தக் குட்டிக்கும் பல் போனதாக அவள் கேள்விப்பட்டதும் இல்லை.

மருதாயி நகத்தால் அழுத்திப் பார்த்தாள். நகம் பதிந்தது. எடுத்தவுடன் பள்ளம் மெல்ல நிமிர்ந்தது. கடித்தாள். பல்லுக்கு இடம் கொடுத்தது, ஆனால் பிய்ந்து வரவில்லை.

காய்ந்த விழுது முறியும், இளசு உரியும் என்று இரண்டையும் விட்டுவிட்டு, நடுத்தரமாக முற்றியதைக் கடித்து அறுத்தாள். குளத்தில் ஊறப் போட்டு, முறுக்கி, இறுக்கி முடிச்சாகப் போட்டாள். துடியன் தொண்டைக்குள் போகாத அளவு பெரிது, அவன் வாய்க்குள் அடங்கும் அளவு சிறிது. தண்ணீரில் போட்டால் மிதந்தது. கையிலெடுத்து எறிந்தால் ஒழுங்காகப் போனது.

துடியனின் வாய் ஆறியது. கூட்டம் கூடியது. நரியும் வந்து பெரியவருக்குப் பக்கத்தில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டது.

மருதாயி விழுது முடிச்சைக் காட்டினாள். "இனிமே இதைத்தான் அவனுக்கு எறியப் போறேன். இதை வெச்சு அவனை ஓட விட்டா கரைப்பக்கம் போக மாட்டான். ஒரு தடவை வாய்ப்புக் கொடுங்க."

நரி சிரித்தது. "பெரியவங்களே, நான் கொடுத்த கொம்பு அதோ கிடக்கு. எடுத்துப் பாருங்க. ஒரு கீறல் இல்லை. அப்பேர்ப்பட்ட சாமானைக் கொடுத்தும் இந்த நாய் கரையைத் தோண்டிச்சு. இந்த வேர் எத்தனை நாளைக்குத் தாங்கும்? நாலு கடி கடிச்சா நார் நாராப் போயிடும். அப்புறம் மறுபடி கரைதான்."

கொம்பு கை மாறி கால் மாறிச் சுற்றி வந்தது. எல்லோரும் தட்டிப் பார்த்தார்கள். உண்மைதான், ஒரு கீறல் இல்லை. "நரி சொல்றதுல நியாயம் இருக்கு" என்றது காட்டுப்பன்றி. "சாமான் நல்ல சாமான்தான், நாய்தான் சரியில்லை" என்றது மயில். பெரியவரும் தலையை ஆட்டத் தொடங்கினார்.

குட்டி மருதாயியின் வயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவள் கொம்பைக் கையில் வாங்கினாள்.

"நரியண்ணே, இது நல்ல சாமான்தானே?"

"சந்தேகமே வேண்டாம் தங்கச்சி."

"நான் உச்சிக் கிளையிலிருந்து எறியறேன். நீ ஒரே ஒரு தடவை எகிறி வாயால பிடிச்சுக் காட்டு. அப்புறம் நானே மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயிடுறேன்."

கூட்டம் நரியைத் திரும்பிப் பார்த்தது.

"நானா? நான் எதுக்கு? எனக்கு இந்த ஓட்டமெல்லாம் பழக்கமில்லையே."

"ஓட வேண்டாம். நீ நிக்கிற இடத்துக்கே எறியறேன்."

"இல்லை, எனக்குப் பல் கொஞ்சம்..."

"பல்லுக்கு என்ன?" என்று கேட்டார் பெரியவர்.

நரி ஒரு அடி பின்னால் நகர்ந்தது. மருதாயிதான் பேசினாள்.

"பல் போயிடும்னு அதுக்குத் தெரியும் பெரியவரே. தெரிஞ்சேதான் கொடுத்தது. ஆனா அதை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். நானும் பாறையில அடிச்சுப் பார்த்து வாங்கினவதான். சாமான் உடையுமான்னு பார்த்தேன். பல் உடையுமான்னு பார்க்கலை. இந்த வேர் தேயும், நான் இல்லைன்னு சொல்லலை. தேஞ்சா இன்னொன்னு முடிஞ்சுக்குவேன். அவனுக்குப் பல் போனா எந்த மரத்துல போய்ப் பறிப்பேன்?"

நீர்க்கோழி ஒன்று முன்னால் வந்தது. "கரை உடைஞ்ச அன்னைக்கு என் முட்டையைக் குடிச்சதும் இதுதான்" என்றது.

பெரியவர் தன் தலைக்கொம்புகளைத் தாழ்த்தி ஒரு அடி முன்னால் வைத்தார். நரி அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. புதரில் புகுந்து, பாறையைத் தாண்டி, ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால் ஓட்டம் பழக்கமில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"சரி, எறி பார்ப்போம்" என்றார் பெரியவர்.

மருதாயி உச்சிக் கிளைக்கு ஏறினாள். விழுது முடிச்சைக் கரைக்கு எதிர்ப்பக்கமாக, திறந்த வெளியில் வீசி எறிந்தாள். துடியன் முதலில் தயங்கினான். பழைய வலி நினைவுக்கு வந்தது போலிருந்தது. பிறகு கால் தானாகக் கிளம்பிவிட்டது. ஓடினான், எகிறினான், கவ்வினான்.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 'டக்' என்ற சத்தம் வரவில்லை. துடியன் முடிச்சைக் கவ்வியபடியே தலையை உதறினான், உருட்டினான், மறுபடி கவ்வினான். திரும்பி ஓடி வந்து மரத்தடியில் போட்டான். அதில் பல் பதிந்திருந்தது. அவன் வாயில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"அக்கா, இது வலிக்கலை" என்றான்.

கிளையில் உட்கார்ந்திருந்த மருதாயிக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "அப்ப இன்னொரு தடவை ஓடு" என்று கையை நீட்டினாள். பெரியவர் எதுவும் சொல்லாமல் தண்ணீர் குடிக்கப் போனார். அதுவே அவருடைய தீர்ப்பு என்று எல்லோருக்கும் விளங்கியது. அந்தக் கோடை முழுக்கத் துடியன் ஓடினான், குரைத்தான், களைத்துத் தூங்கினான். மழை வரும் வரை தண்ணீர் குளத்திலேயே இருந்தது, மருதாயி மரத்திலேயே இருந்தாள்.

தான் உடையாமல் இருப்பது மட்டும் நல்ல பொருளுக்கு அழகில்லை, தன்னைப் பயன்படுத்துகிறவரையும் உடைக்காமல் இருக்க வேண்டும்.